பொருள்வழித் தொகையும் படிப்போர் கருத்தும்: அறிவியற் சிறுகதைத் தொகை ஒன்றனை முன்வைத்து ஓர் ஆய்வு

பாடல்களைத் தொகுத்து நூலாக்கும் மரபு தமிழில் மிகப் பழையது. அடியளவை நோக்கித் தொகுத்தனவும், யாப்பினை நோக்கித் தொகுத்தனவும், திணையை நோக்கித் தொகுத்தனவும் நம்மிடம் உள. தொகுத்தவர் இன்னார், தொகுப்பித்தவர் இன்னார் என்னும் குறிப்புகளையும் தொகைகள் பலவற்றுக்கு நாம் பெற்றிருக்கிறோம். ஆயின், அத்தொகைகளை முதன்முதல் ஏட்டில் படித்தவர்கள் அவற்றைப்பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை அறிய நமக்கு வழியில்லை. இப்பாட்டு ஏன் சேர்ந்தது, அப்பாட்டு ஏன் விடுபட்டது என வினவியவர் சிலரேனும் இருந்திருத்தல் வேண்டும். அவர்தம் குரல் நம்மை வந்து எய்தவில்லை.

இக்காலச் சிறுகதைத் தொகைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. நூல் வெளிவந்த சில நாள்களிலேயே அதனைப்பற்றிய கருத்துகள் குவிந்துவிடுகின்றன. குவிவதனாலேயே ஆய்வாளர்க்கு ஓர் இடர்ப்பாடும் நேர்கிறது. ஆய்வுத்துறையில் புதிதாகப் புகும் மாணவர் சிலர், ஒரு தொகையைப்பற்றிப் பலர் கூறியவற்றைத் திரட்டி, 'நன்று' என்றார் இத்துணையர், 'நன்றன்று' என்றார் இத்துணையர் எனக் கூட்டிக் கழித்து, அத்தொகையின் தகுதி இதுவென முடிபு கூறிவிடுகின்றனர். இம்முறை பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பொருளைப் பற்றியேனும், ஒரு நோக்கம் பற்றியேனும், பலர் எழுதிய கதைகளை ஒருங்கு சேர்த்த நூலைப் 'பொருள்வழித் தொகை' என இங்குக் குறிப்போம். அத்தகைய தொகையிலுள்ள ஒவ்வொரு கதையையும் படிப்பவர் இரண்டு வினாக்களுக்கு உட்படுத்துகிறார். 'இக்கதை கதையாக நன்றோ?' என்பது ஒன்று. 'தொகைக்குரிய பொருளை இக்கதை நிறைவு செய்கிறதோ?' என்பது மற்றொன்று. இவ்விரண்டு வினாக்களுக்கும் ஒரே சொல்லால் விடை கூறும்போதுதான் கருத்துகள் முரண்படுகின்றன. இரண்டையும் பிரித்து நோக்காது கருத்துகளை எண்ணுதல், நெல்லையும் பதரையும் ஒரே மரக்காலில் அளப்பதனை ஒக்கும். இதனை அமெரிக்க நாட்டு அறிவியற் புனைகதைத் தொகை ஒன்றனைக் கொண்டு விளக்குவோம்.

படிப்போர்க்கு வாய்த்த இடம்

அறிவியற் புனைகதையை இவ்வாய்வுக்குத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. படிப்போர் கருத்து இத்துறையில் பெற்ற இடத்தினைப் பிற துறைகளில் பெறவில்லை. 1926ஆம் ஆண்டு ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பார் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அவ்விதழ் படிப்போர் மடல்களை அவர்தம் முகவரியோடு வெளியிட்டது. மடல் எழுதினோர் ஒருவரையொருவர் அறிந்து கழகங்களாகக் கூடுதற்கு அது வழிகோலியது. 1938ஆம் ஆண்டு, ஜான் காம்பெல் ஆசிரியராயிருந்த 'அஸ்டவுண்டிங்' இதழில், ஒவ்வோர் இதழின் கதைகளையும் படிப்போர் வரிசைப்படுத்தி எழுதியவற்றிற்குச் சராசரி கண்டு வெளியிடும் பகுதியொன்று தோன்றியது. 1953ஆம் ஆண்டிலிருந்து ஹியூகோ பரிசு வழங்கப்பெறுகிறது. உலக அறிவியற் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்களாகிய படிப்போரே வாக்களித்து அப்பரிசுக்கு உரியாரைத் தெரிவு செய்கின்றனர். ஆகவே, கருத்தினை எண்ணாக்கும் வழக்கம் இத்துறையில் நன்கு வேரூன்றியது எனலாம். எண்ணாக்குவதன் பயனையும் குறையையும் ஒருங்கே காண்பதற்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை.

வாக்கால் அமைந்த தொகை

அமெரிக்க அறிவியற் புனைகதை எழுத்தாளர் சங்கம் 1965ஆம் ஆண்டு தோன்றியது. 1964ஆம் ஆண்டின் இறுதிவரை வெளிவந்த சிறுகதைகளுள் தலைசிறந்தவை எவையெனச் சங்கத்தினர் வாக்களித்தனர். அவ்வாக்கினை அடிப்படையாகக் கொண்டு ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்த நூலின் முதல் தொகுதி 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. 'அறிவியற் புனைகதைப் புகழ் மண்டபம்' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதனுள் 26 கதைகள் உள. ஐசக் அசிமாவின் 'இரவு வீழ்ச்சி' என்னும் கதை மிகுதியான வாக்குகளைப் பெற்றது.

அந்த 26 கதைகளுள் பெண் ஒருவர் தனித்துத் தம் பெயரால் எழுதியது ஒன்றே. அது ஜூடித் மெரில் 1948ஆம் ஆண்டு எழுதிய 'தாய் ஒருத்தியே' என்னும் கதையாகும். சி. எல். மூர் என்னும் பெண் எழுத்தாளர் தம் கணவர் ஹென்றி கட்னருடன் கூடி லூயிஸ் பாட்ஜெட் என்னும் ஆண்பாற் புனைபெயரில் எழுதிய கதையொன்றும் அதில் உண்டு. பெயரை மட்டும் நோக்குவார்க்கு அதில் ஒரு பெண் இருப்பது புலனாகாது.

பொருளால் அமைந்த தொகை

இதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1975இல், பமீலா சார்ஜென்ட் தொகுத்த 'விமன் ஆஃப் வொண்டர்' என்னும் தொகை வெளிவந்தது. அதனை 'வியப்பின் மகளிர்' என இனிக் குறிப்போம். பெண்களைப்பற்றிப் பெண்கள் எழுதிய அறிவியற் கதைகள் என்பது அதன் துணைத்தலைப்பு உணர்த்தும் பொருள். சோனியா டோர்மனின் கவிதையொன்றும், அவர் கதை உட்பட 12 கதைகளும் அதில் இடம்பெற்றன. மேரி ஷெல்லி 1818ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' புதினம் முதலாகப் பெண்கள் இத்துறைக்கு ஆற்றிய பங்கினை விரித்துரைக்கும் நீண்ட முன்னுரையைச் சார்ஜென்ட் எழுதினார். 1976இலும் 1978இலும் இதன் தொடர்ச்சியாக இரண்டு தொகைகள் வெளிவந்தன. 1995இல் அவரே மீண்டும் கதைகளைத் தெரிந்து, காலவரிசையில் இரண்டு தொகுதிகளாக அமைத்தார். இருபதாண்டுகள் கடந்தும் இத்தொகையைப் புதுப்பிக்க நேர்ந்தமை, இதற்குப் படிப்போர் தொடர்ந்து இருந்தனர் என்பதனைக் காட்டும்.

இவ்விரு தொகைகளையும் ஒப்பிடுவார், 'வாக்கு மறைத்ததனைப் பொருள் வெளிப்படுத்தியது' என உடனே கூற முற்படுவர். அக்கூற்றினை அவ்வாறே ஏற்றல் இயலாது. சார்ஜென்ட் தொகுத்த 12 கதைகளுள் 1964ஆம் ஆண்டிற்குள் வெளிவந்தவை நான்கே. மெரில், காதரின் மெக்லீன், மரியன் சிம்மர் பிராட்லி, ஆன் மெக்காஃப்ரி ஆகியோர் கதைகள் அவை. எஞ்சிய எட்டும் 1966க்கும் 1973க்கும் இடைப்பட்டவை. வாக்கெடுப்பின் எல்லைக்குள் அவை வருதற்கே இடமில்லை. அந்நான்கனுள்ளும் மெரிலின் கதை வாக்கினாலேயே தெரிவு பெற்றது. ஆகவே, இத்தொகையைக் கொண்டு வாக்கினைக் குற்றஞ்சாட்டுவார்க்குக் கிடைக்கும் சான்று மூன்று கதைகளே. தொகையின் மெய்யான பயன் வேறிடத்தில் உளது. வாக்கெடுப்பு முடிந்த பின்னர்ப் பத்தாண்டுகளுக்குள் இத்துறையின் முகமே மாறிவிட்டது என்பதனை அது காட்டுகிறது.

மூவகைக் கருத்துகள்

இத்தகைய தொகையைப்பற்றி எழும் கருத்துகளை மூவகையாகப் பகுத்து நோக்கலாம்.

முதல்வகை, தொகையின் கொள்கையைப் பற்றியது. 'எழுதியவர் பெண் என்பதனால் கதைகளைப் பிரித்து வைத்தல் தகுமோ? நல்ல கதை எவர் எழுதினால் என்ன?' என்பது இவ்வகையினர் கூற்று. கதைகளுள் ஒன்றையும் படியாதவரும் இதனைக் கூறலாம். இதற்கு மறுப்புரைப்பாரும் கதைகளைப் படியாமலே மறுக்கலாம். இது தள்ளத்தக்க கருத்து என்பது எம் கொள்கையன்று, ஆராயத்தக்க கருத்தேயாகும். ஆயின், இதனைக் கதைகளின் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் தவறு. 'நன்றன்று' என இவர் கூறுவது தொகுத்தமையையே அன்றித் தொகுக்கப்பட்டதனை அன்று.

இரண்டாம்வகை, கதைகளின் ஏற்றத்தாழ்வு பற்றியது. 'சில கதைகள் சிறந்தன. சில சிறக்கவில்லை' என்பதும், 'ஒரே பொருள் மீண்டும் மீண்டும் வருதலால் சலிப்பு உண்டாகிறது' என்பதும் இதன்பாற்படும். முன்னது எல்லாத் தொகைகளுக்கும் பொது. பின்னது பொருள்வழித் தொகைக்கே சிறப்பாக உரியது. இதற்கு விடை காணும் ஆற்றல் தமிழ் படித்தார்க்கு இயல்பாகவே உண்டு. ஐங்குறுநூற்றின் மருதத்தில் வேழப்பத்து என ஒரு பகுதி உளது. பத்துப் பாட்டிலும் வேழம் வருகிறது. வேழம் மட்டும் நோக்குவார்க்கு அது கூறியது கூறலாகத் தோன்றும். ஒவ்வொரு பாட்டிலும் கூறுவார் நிலையும் கூற்றின் குறிப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன என நோக்குவார்க்கு அவ்வேறுபாடே சுவையாகும். பொருள் நிலைத்து நிற்பதனாலன்றோ வேறுபாடு புலப்படுகிறது!

'வியப்பின் மகளிர்' தொகையிலும் இதனைக் காணலாம். மெரிலின் கதையிலும் பிராட்லியின் 'காற்று மாந்தர்' கதையிலும் தாய்மையே பொருள். முன்னதில் அணுக்கதிர்வீச்சின் அச்சம் சூழ்ந்த காலத்தில் மார்கரெட் என்பாள் மகவொன்றை ஈன்று வளர்க்கிறாள். குழந்தை அளவிறந்த அறிவுடையது என அவள் மகிழ்கிறாள். அக்குழந்தைக்குக் கைகால் இல்லை என்பதனை நெடுநாள் கழித்து வீடு திரும்பும் தந்தையே காண்கிறான். பின்னதில், விண்கலத்தின் விசையைக் கைக்குழந்தை தாங்காது என்பதனால், மருத்துவர் ஒருத்தி தன் மகவோடு மக்களில்லாக் கோளொன்றில் தனித்துத் தங்குகிறாள். ஒருத்தி காணவேண்டியதனைக் காணவில்லை. மற்றொருத்தி தான் காண்பது உண்மையோ பொய்யோ என ஐயுறுகிறாள். தனித்தனியே படிப்பார்க்கு இவ்வொப்புமை தோன்றாது. ஆதலின், 'ஒரே பொருள்' என்னும் குறையைக் கூறுவாரை நோக்கி, 'கதைகளை வரிசையாகப் படித்தீரோ? ஒன்றனோடொன்று வைத்துப் படித்தீரோ?' என வினவுதல் வேண்டும்.

மூன்றாம்வகையே முதன்மையானது. 'இக்கதை இத்தொகைக்கு உரியதன்று' என்பது அது. அர்சுலா லெ குவின் எழுதி 1971இல் வெளிவந்த கதையை எடுத்துக்கொள்வோம். பயிரினமே நிறைந்த கோளொன்றிற்குச் செல்லும் குழுவில் பிறர் உணர்ச்சி அனைத்தையும் தன்னுள் ஏற்கும் ஆஸ்டன் என்னும் ஆடவன் இருக்கிறான். குழுவின் தலைவி டொமிக்கோ என்னும் பெண். ஆயினும் கதையின் உயிர் ஆஸ்டனும் அக்காடுமே. பெண்களைப்பற்றிப் பெண்கள் எழுதிய கதை என்னும் வரையறையில் 'பெண்கள் எழுதிய' என்பது பொருந்துகிறது. 'பெண்களைப்பற்றி' என்பது முழுதும் பொருந்தியதாகக் கூற இயலாது. கதையின் சிறப்பை ஒப்புக்கொள்வாரும் அதன் இடத்தைப்பற்றி ஐயுறலாம். இவர் கருத்தை 'நன்று' என்னும் பக்கத்தில் எழுதுவதா, 'நன்றன்று' என்னும் பக்கத்தில் எழுதுவதா? இரண்டும் பிழையே.

மெக்காஃப்ரியின் 'பாடிய கப்பல்' இதற்கு மறுதலையான சான்று. உடற்குறையோடு பிறந்த ஹெல்வா என்னும் பெண் ஓட்டினுள் வைக்கப்பெற்று விண்கலத்தின் மூளையாகிறாள், அன்பு கொள்கிறாள், இழக்கிறாள், பாடுகிறாள். 1961இல் வெளிவந்த நாள்தொட்டு இக்கதையை விரும்பிப் படித்தோர் பலர். பெண் ஒருத்தி விண்கலமே ஆகி வானை அளக்கும் வீறினை அவர் போற்றினர். உடலை இழந்த பின்னரே பெண்ணுக்கு ஆற்றல் கிடைக்கிறதோ எனப் பெண்ணியத் திறனாய்வாளர் வினவினர். உடற்குறையுடையாரை ஓட்டில் அடைத்துப் பணிகொள்ளும் உலகைக் கதை கேள்வியின்றி ஏற்கிறது எனப் பின்வந்தோர் குறை கூறினர். இவர்கள் அனைவரும் கதை பொருளுக்கு உரியது என்பதில் உடன்படுகின்றனர். அப்பொருளை அது எங்ஙனம் நடத்துகிறது என்பதிலேயே மாறுபடுகின்றனர். சார்ஜென்ட் 1995ஆம் ஆண்டுத் தொகுதியில் சி. எல். மூர் 1944இல் எழுதிய கதையொன்றையும் சேர்த்தார். அதில் தீயில் உடலிழந்த ஆடலழகி ஒருத்தி உலோக உடல் பெற்று மீண்டும் அரங்கேறுகிறாள். அக்கதையின் அருகில் வைத்து நோக்கும்போது ஹெல்வாவைப்பற்றிய வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அயற்கதை மாறின் கருத்தும் மாறும் என்பது இதனால் பெறப்படும்.

காலத்தால் மாறும் கருத்து

படிப்போர் கருத்தினை எண்ணுவார் மறக்கும் மற்றொன்று காலம். ஜொவானா ரஸ் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அறிவியற் புனைகதையில் பெண்ணின் உருவங்கள் உளவேயன்றிப் பெண்கள் அரியர் எனும் கருத்தினை நிறுவினார். எதிர்காலத்தில் நிகழும் கதைகளிலும் அக்கால அமெரிக்கப் புறநகர்க் குடும்பமே மாற்றமின்றி அமைந்திருத்தலை 'விண்மீன்மண்டலப் புறநகர்' என எள்ளினார். வீட்டையும் குழந்தையையும் நடுவாகக் கொண்ட கதைகள் அக்காலத்தில் இவ்வெள்ளலுக்கு எளிதில் இலக்காயின. 2008ஆம் ஆண்டு லிசா யாசெக் அச்சொல்லையே தம் நூலின் தலைப்பாக்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட பெண் எழுத்தாளர் கதைகளை மீண்டும் ஆராய்ந்தார். வீடென்னும் களத்திலிருந்தே அணு ஆயுதம், அறிவியல், சமூகம் ஆகியவற்றை அவர்கள் வினவினர் என்பது அவர் காட்டும் நெறி. எள்ளற்சொல் ஒன்று ஆய்வுத்தலைப்பு ஆயிற்று, கதைகளோ மாறவில்லை. 1970இன் கருத்தையும் 2008இன் கருத்தையும் கூட்டிச் சராசரி காண்பாரின் விடை, எவர் கருத்தும் ஆகாது.

கூற்றும் ஆக்கியோனும்

இனி, பெயரின் ஆற்றலைக் காட்டும் செய்தியொன்றை நோக்குவோம். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்னும் பெயரில் எழுதியவர் எவர் என்பது நெடுங்காலம் அறியப்படவில்லை. புகழ் மண்டபத் தொகையைத் தொகுத்த அதே சில்வர்பெர்க், 1975இல் டிப்ட்ரீயின் கதைத்தொகுதிக்கு முன்னுரை எழுதியபோது, அவர் பெண்ணாயிருக்கக் கூடும் என்னும் பேச்சினை மறுத்தார். அந்நடையில் ஆண்மைக்குரிய தன்மை உளது எனத் துணிந்தார். 1977ஆம் ஆண்டளவில் டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்னும் பெண்மணியே என்பது வெளிப்பட்டது. சில்வர்பெர்க் தம் பிழையைப் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அது அவர்தம் பெருமைக்குச் சான்று.

டிப்ட்ரீ 1973இல் எழுதிய 'ஆடவர் காணாத பெண்டிர்' என்னும் கதை, 1978ஆம் ஆண்டுத் தொகையில் சேர்ந்தது. கதையைக் கூறுபவன் ஓர் ஆடவன். தாயும் மகளுமாகிய இருவர் வேற்றுலகத்தாருடன் இவ்வுலகை விட்டே நீங்கத் துணிகின்றனர். அவன் அவர்களைக் கண்ணால் காண்கிறான். அவர்தம் உள்ளத்தைக் காணவில்லை. ஆசிரியர் ஆடவர் எனக் கருதிப் படித்தோர், பெண்ணுள்ளத்தை உணர்ந்த ஆடவர் ஒருவரின் கதையாக இதனை மதித்தல் இயலும். ஆசிரியர் பெண் என அறிந்து படிப்போர், ஆடவன் கண்ணின் குறையைப் பெண்ணொருத்தி காட்டும் கதையாக மதித்தல் இயலும். சொல் ஒன்றும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

தமிழ் ஆய்வாளர்க்கு இது வியப்பன்று. அகப்பாடலில் தலைவி கூற்றினைப் பாடிய புலவருள் ஆடவரே மிகுதி. கூற்று வேறு, பாடினார் வேறு எனப் பிரித்தறிதலை அகத்திணை பயில்வார் தொடக்கத்திலேயே கற்றுவிடுகின்றனர். மறுபுறம், சங்கப் புலவருள் பெண்பாலார் இத்துணையர் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை. பெயர் கொண்டே பால் துணிய வேண்டியிருத்தல் அதற்குக் காரணங்களுள் ஒன்று. பாட்டின் நடை கொண்டு பாடினார் பாலைத் துணிதல் எத்துணை இடருடையது என்பதற்குச் சில்வர்பெர்க்கின் பிழை நமக்கும் ஓர் எச்சரிக்கையாகும்.

முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பொருள்வழித் தொகையைப்பற்றிய கருத்து ஒவ்வொன்றும் தொகுத்த கொள்கையைப் பற்றியதோ, கதையின் தகுதியைப் பற்றியதோ, கதைக்கும் பொருளுக்கும் உள்ள இயைபினைப் பற்றியதோ எனப் பகுத்தறிதல் வேண்டும். இரண்டாவது, கருத்துக் கூறியவர் எக்காலத்தவர், எக்கதைகளின் அருகில் வைத்து அதனைப் படித்தார், ஆசிரியரைப்பற்றி என்ன அறிந்திருந்தார் என்பவற்றைக் குறித்தல் வேண்டும். மூன்றாவது, இவ்வாறு பகுத்த பின்னரே எண்ணுதல் வேண்டும். எண்ணின் அளவையும் எல்லையையும் கூறுதல் வேண்டும். நான்கு கதைகள் பற்றிய சான்றினைப் பன்னிரண்டு கதைகளுக்கு ஏற்றிக் கூறுதல் ஆய்வு நெறியன்று.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறுகதைத் தொகைக்கு வேண்டுமோ என வினவுவார் இருத்தல் கூடும். வேண்டும் என்பதே எம் விடை. எக்கதை மறுபதிப்புப் பெறும், எக்கதை பாடமாகும், எக்கதை பழைய இதழ்களின் மக்கிய தாள்களோடு மறையும் என்பதனைப் பெரும்பாலும் படிப்போர் கருத்தே முடிவு செய்கிறது. அக்கருத்தினைப் பிழையாகப் படிக்கும் ஆய்வாளர், அம்முடிவிலும் பிழைக்குத் துணைபோகிறார். நம் பழந்தொகைகளைப் படித்தோர் கருத்து நமக்குக் கிட்டவில்லை. அவ்விழப்பினை ஈடுசெய்தல் இயலாது. இன்று கிட்டுவதனை எண்ணிக்கையாக்கி அதன் பொருளை நாமே இழந்துவிடுவோமாயின், அவ்விழப்பிற்குக் காலத்தைக் குறை கூறல் பொருந்தாது. படிப்போர் கருத்து எண்ணத்தக்கது. அதனினும் முன்னதாக, எடையிடத்தக்கது.